குப்பைமேட்டிலிருந்து தீவுக்கு: மீண்டு வந்த ஒரு சிற்றுயிரின் வரலாறு

அவுஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் செப்ரெம்பர் 7ஆம் நாள், அருகிவரும் உயிரினங்களுக்கான தேசிய தினமாக 1996 முதல் அனுட்டிக்கப்பட்டு வருகின்றது. 1936ஆம் ஆண்டு அதே நாளில், ஹோபார்ட் நகர மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த கடைசித் தஸ்மேனியப் புலி இறந்தது. அவ்வினத்துக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். அவ்விலங்கு இறப்பதற்கு இரண்டு மாதங்கள்கூட இல்லாத நிலையில் அச்சட்டம் வந்தது. பாதுகாப்பு எனும் சொல் எவ்வளவு காலந்தாழ்த்தி வரக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1788இல் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கியதன் பின்னர், இக்கண்டத்திலிருந்து 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அடியோடு அழிந்து போயுள்ளன. அண்மைய நூற்றாண்டுகளில் வேறெந்த நாடும் இத்தனை பாலூட்டி இனங்களை இழந்ததில்லை. மெல்பேணின் தென்கிழக்கே நோபல் பார்க், டண்டினோங், ஸ்பிரிங்வேல் ஆகிய இடங்களில் வாழும் எம்மவர் பலருக்கு இத்தகைய செய்திகள் தொலைவிலுள்ளவையாகத் தோன்றலாம். வதிவிட அனுமதிக்கான கடிதத்தை எதிர்பார்த்து இருப்பவருக்கும், இரவு வேலை முடிந்து விடியற்காலை வீடு திரும்புபவருக்கும், காட்டு விலங்கைப் பற்றி எண்ண நேரம் ஏது? ஆயினும் எமது அயலில் நிகழ்ந்த ஒரு சிறு விலங்கின் வரலாறு, எம்மவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. அது அழிவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்த வரலாறு. அம்மீட்சிக்கு யார், எவ்வாறு விலை கொடுத்தனர் என்பதையும் அது கூறுகின்றது.

எமது அயல்மொழி தந்த பெயர்

அவ்விலங்கின் பெயர் கிழக்கத்திய வரிப் பண்டிக்கூட். ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ள, நீண்ட கூர்மூக்குடைய, பின்புறத்தில் வெளிறிய வரிகள் கொண்ட உயிர் அது. பண்டிக்கூட் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் சிலருக்கு ஏதோ நினைவுக்கு வரக்கூடும். தெலுங்கில் பந்திகொக்கு என்றால் பன்றியெலி. நாம் பெருச்சாளி என்று அழைப்பதுவே அது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் அச்சொல்லைத் தமதாக்கிக் கொண்டனர். பின்னர் அவுஸ்திரேலியாவில் தாம் கண்ட, பெருச்சாளியோடு எவ்வித உறவுமற்ற ஒரு விலங்குக்கு அப்பெயரையே சூட்டிவிட்டனர். உண்மையில் இது கங்காருவைப் போல வயிற்றிலே பையுடைய விலங்கு. மண்ணைத் தோண்டும்போது குட்டிகளின் மீது மண் விழாதவாறு இதன் பை பின்னோக்கித் திறந்திருக்கும். இதன் கருக்காலம் ஏறத்தாழ பன்னிரண்டரை நாட்கள் மட்டுமே; பாலூட்டிகளிடையே மிகக் குறுகிய கருக்காலங்களுள் இதுவும் ஒன்று.

இரவில் வெளிவந்து, மூக்கினாலும் முன்னங்காலினாலும் மண்ணைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்பது இதன் வாழ்க்கை. அவ்வாறு கிளறுவதால் மண் இளகி, மழைநீர் உட்புகுந்து, விதைகள் முளைக்க வழி பிறக்கின்றது. எமது ஊர்களில் மண்புழுவை உழவனின் நண்பன் என்பார்களே, அதுபோல இப்புல்வெளிகளின் உழவன் என்று இதனைக் கூறலாம்.

மெல்பேணின் மேற்குப்புறத்திலிருந்து தென் அவுஸ்திரேலிய எல்லையை நோக்கி விரிந்து கிடந்த எரிமலைச் சமவெளிப் புல்வெளிகளே இதன் தாயகம். ஆடு மேய்ப்பதற்கும் பயிர் செய்வதற்கும் அப்புல்வெளிகள் எடுக்கப்பட்டன. இன்று அவற்றின் பழைய பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட நல்ல நிலையில் எஞ்சவில்லை. போதாக்குறைக்கு, 1859இல் வின்செல்சி என்ற ஊருக்கு அண்மையிலுள்ள தமது பண்ணையில் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் வேட்டைக்காக முயல்களை விடுவித்தார். அந்நூற்றாண்டிலேயே, குதிரைமீதேறி வேட்டையாடும் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்தின் செந்நரியும் கொண்டுவரப்பட்டது. முயல் புல்லைத் தின்றது. நரி பண்டிக்கூட்டைத் தின்றது. நரியை அறியாது பரிணமித்த உயிருக்கு அதனிடமிருந்து தப்பும் வழி தெரியவில்லை. நரி நிலைகொள்ளாத தஸ்மேனியாவில் மட்டும் இவ்வினம் தொடர்ந்து வாழ்ந்தது.

கைவிடப்பட்ட கார்களுக்குள்

1980களின் இறுதியில் பெருநிலப்பரப்பில் எஞ்சியிருந்தவை, மெல்பேணுக்கு மேற்கே ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹமில்ரன் என்ற சிற்றூரைச் சூழ்ந்து வாழ்ந்தவை மட்டுமே. காடும் புல்வெளியும் கைவிட்ட பின்னர், அவை அவ்வூர் மக்களின் வீட்டுத் தோட்டங்களிலும் ஓடைக்கரையின் பற்றைகளிலும் ஒதுங்கின. இவற்றுக்கு மேலாக அவை அடைக்கலம் புகுந்த இடம் அவ்வூரின் குப்பைமேடு. அங்கே கொட்டப்பட்டிருந்த, பழுதடைந்து துருப்பிடித்த கார்களின் உடற்பகுதிகளுக்குள் அவை கூடு கட்டின. தகரத்தின் இடுக்குகளுக்குள் நரியாலும் பூனையாலும் எளிதில் நுழைய முடியவில்லை. ஓர் இனத்தின் கடைசி அரண் எவரும் திட்டமிடாத ஒரு குப்பைமேடாக அமைந்துவிட்டது.

1988இல் அரசும் மிருகக்காட்சிசாலைகளும் தொண்டர்களும் இணைந்து மீட்புத் திட்டமொன்றைத் தொடங்கினர். அப்போது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 150. அவற்றுள் சிலவற்றைப் பிடித்து, பாதுகாப்பான இடத்தில் இனப்பெருக்கம் செய்விப்பது என முடிவாயிற்று. இன்று பெருநிலப்பரப்பின் வழிவந்த விலங்குகள் அனைத்தும் 20க்கும் குறைவான மூதாதையரின் வழித்தோன்றல்கள் என்பது இப்பணியின் நெருக்கடியை உணர்த்தும். அடுத்த மூன்று தசாப்தங்களில் விக்ரோறிய மாநிலத்தின் மிருகக்காட்சிசாலைகளில் 650க்கும் மேற்பட்ட பண்டிக்கூட்டுகள் பிறந்தன. இதற்கிடையில் பெருநிலப்பரப்பின் திறந்த வெளியில் இவ்வினம் இல்லாது போயிற்று. வேலிக்குள்ளும் கூட்டுக்குள்ளும் உயிர்வாழும் இனத்துக்கென ஏடுகளில் தனியான வகையொன்று உண்டு: இயற்கையிடத்தில் அற்றுப்போன இனம். உயிரோடு இருக்கின்றது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது அதன் பொருள். எமது வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தோல்விகளும் கற்றவையும்

மீட்பு முயற்சி இலகுவில் வெற்றியளிக்கவில்லை. எம்மிற் பலர் வந்திறங்கிய மெல்பேண் விமான நிலையத்தின் அருகிலேயே வூட்லன்ட்ஸ் வரலாற்றுப் பூங்கா உள்ளது. அங்கு வேலியிட்டு விடப்பட்ட பண்டிக்கூட்டுகள் 1990களின் நடுப்பகுதியில் பல நூறாகப் பெருகின. பின்னர் வரட்சி வந்தது. கங்காருக்கள் புல்லை மொட்டையாக மேய்ந்தன. மறைவிடம் இல்லாது போக நரி தன் வேலையைச் செய்தது. அங்கிருந்தவை அற்றுப்போயின. மேற்கு விக்ரோறியாவில் வேலியின்றி விடப்பட்ட இடங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஓரிடத்தைப் பூங்கா எனப் பெயரிடுவதால் மட்டும் அங்கு ஓர் உயிர் பிழைத்துவிடாது என்ற பாடத்தை இத்திட்டத்தினர் இழப்பினூடாகவே கற்றனர்.

ஆகவே அவர்கள் நரியில்லாத நிலத்தைத் தேடினர். அத்தகைய நிலம் தீவுகளில் மட்டுமே கிடைத்தது. 2015இல் சேர்ச்சில் தீவிலும், 2017இல் பிலிப் தீவிலும், 2019இல் பிரெஞ்சுத் தீவிலும் பண்டிக்கூட்டுகள் விடப்பட்டன. இங்கு கவனிக்க வேண்டியதொன்று உண்டு. இத்தீவுகள் எவையும் அவ்வினத்தின் பழைய வாழிடங்கள் அல்ல. அறிஞரிடையே இது குறித்து விவாதம் நிகழ்ந்தது. ஓர் உயிரை அதன் தாயகத்துக்கு வெளியே குடியமர்த்துவது முறையா, அங்கு ஏலவே வாழும் உயிர்களுக்கு அதனால் கேடு வருமா எனக் கேட்கப்பட்டது. முதலிற் சிறிய சேர்ச்சில் தீவில் விட்டுப் பார்த்து, மண்ணையும் பூச்சிகளையும் ஆராய்ந்து, பெருங்கேடு இல்லை எனக் கண்ட பின்னரே பெரிய தீவுகளுக்குச் சென்றனர். 2017இல் பிலிப் தீவின் மேற்கு முனையிலுள்ள சமர்லான்ட் குடாநாட்டில் விடப்பட்டவை ஏறத்தாழ 40. அவை விரைவிலேயே பெருகித் தீவெங்கும் பரவின.

வேலியும் தீவும் தவிர்ந்த மூன்றாவது வழியொன்றும் பரீட்சிக்கப்பட்டது. இத்தாலியின் மலைப்புறங்களில் ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கும் மரெம்மா என்ற வெண்ணிற நாய்கள் ஆட்டுமந்தையோடு வளர்க்கப்பட்டன. பண்டிக்கூட்டைத் துரத்தாதிருக்கவும் அவை பழக்கப்பட்டன. 2020இல் மேற்கு விக்ரோறியாவின் ஆட்டுப் பண்ணைகளில் இம்முயற்சி தொடங்கப்பட்டது. நாயின் மணமும் குரைப்பும் நரியை ஒதுக்கி வைக்க, விவசாயி தன் தொழிலைக் கைவிடாமலே பண்டிக்கூட்டுக்கு இடமளிக்க முடியும் என்பது இதன் நோக்கம்.

2021 செப்ரெம்பரில் விக்ரோறிய அரசு இவ்வினத்தின் நிலையை மாற்றி அறிவித்தது. இயற்கையிடத்தில் அற்றுப்போன இனம் என்ற வகையிலிருந்து அருகிவரும் இனம் என்ற வகைக்கு அது உயர்ந்தது. அவுஸ்திரேலியாவில் ஓர் இனம் இவ்வாறு மீண்டமை அதுவே முதற்றடவை. அப்போதைய கணிப்பு ஏறத்தாழ 1,500. ஆபத்து நீங்கிவிட்டது என்பதல்ல இதன் பொருள். மூதாதையர் தொகை குறைவாக இருந்தமையால் உட்கலப்பின் பலவீனம் தொடர்கின்றது. இதனைப் போக்கவே தஸ்மேனிய விலங்குகளோடு கலந்து இனப்பெருக்கம் செய்யும் முயற்சியும் நடைபெறுகின்றது.

சமர்லான்ட்: விலை கொடுத்துப் பெற்ற நிலம்

பிலிப் தீவு எம்மவர்க்குப் புதிதல்ல. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களில் அதுவும் ஒன்று. மாலை மங்கும் வேளையில் கடலிலிருந்து கரையேறும் சின்னஞ்சிறு பென்குவின்களைக் காண எமது குடும்பங்கள் போர்வைகளோடும் சோற்றுப் பொதிகளோடும் செல்வதுண்டு. ஆனால் அப்பென்குவின்கள் அங்கு இன்றும் இருப்பதன் காரணத்தை அறிந்தோர் சிலரே.

பூர்வீகக் குடிகளான புனுரோங் மக்கள் அத்தீவை மில்லோல் என்பர். அங்கு ஒரு காலத்தில் பத்துப் பென்குவின் குடியிருப்புகள் இருந்தன. நரியும் நாயும் வீதிகளும் வீடுகளும் அவற்றுள் ஒன்பதை அழித்தன. எஞ்சிய ஒன்று சமர்லான்ட். ஆனால் அக்குடாநாட்டிலும் 1920களின் பிற்பகுதியிலிருந்து காணிகள் பிரிக்கப்பட்டு விடுமுறை வீடுகள் எழுந்திருந்தன. இவ்வாறே விட்டால் நூற்றாண்டு முடிவதற்குள் பென்குவின்கள் இராது என 1980களில் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். 1985இல் மாநில அரசு ஒரு முடிவுக்கு வந்தது. அக்குடாநாட்டிலுள்ள காணிகளையும் வீடுகளையும் உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கி, அகற்றி, நிலத்தைப் பறவைகளிடம் ஒப்படைப்பதே அம்முடிவு.

அதற்கு 25 ஆண்டுகள் சென்றன. பணம் ஒதுக்குவதில் தாமதங்கள் ஏற்பட்டன. உரிமையாளரிடையே கசப்பும் இருந்தது. தாம் கட்டிய வீட்டைத் திருத்தவும் முடியாது, வேறெவருக்கும் விற்கவும் முடியாது காத்திருந்தவர்களின் மனநிலையை நாம் விளங்கிக் கொள்ளலாம். எனினும் கடைசிக் காணி 2010இல் வாங்கப்பட்டு அத்திட்டம் நிறைவேறியது. 2017இல் தீவில் நரி முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்குள்ள பென்குவின்களின் தொகை ஏறத்தாழ 40,000. பண்டிக்கூட்டுகளுக்குக் கிடைத்த புகலிடமும் அதே குடாநாடுதான். ஒரு பறவைக்காக விடுவிக்கப்பட்ட நிலம் பிறிதோர் உயிருக்கும் வாழ்வளித்தது.

வில்பத்து: விலை கொடாத நிலம்

இவ்விடத்தில் எமது தாயகத்தை எண்ணாதிருக்க முடியவில்லை. மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் வில்பத்து, 1938இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அப்பரப்பு இலங்கையின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. வில்லு எனப்படும் இயற்கைக் குளங்களும், பாலை மரங்களும், அவற்றின் பழத்தை நாடி வரும் கரடிகளும், சிறுத்தைகளும், யானைகளும் அதன் செல்வம். போர் அதனையும் விட்டுவைக்கவில்லை. 1985 மே மாதத்தில், அநுராதபுரத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட அன்றே வில்பத்துவிலும் உயிர்கள் பறிக்கப்பட்டன. பின்னர் நெடுங்காலம் மூடிக் கிடந்த பூங்கா 2003 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2006 மே மாதம் கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் அவரோடு சென்றோரும் உயிரிழந்தனர். மீண்டும் மூடப்பட்ட பூங்கா 2010இலேயே திறக்கப்பட்டது.

பூங்காவின் வடக்கெல்லைக்கு அப்பால் முசலிப் பிரதேசத்தின் முஸ்லிம் கிராமங்கள் இருந்தன. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அக்கிராமங்களும் வெறுமையாயின. மனிதர் இல்லாத நிலத்தைக் காடு மூடுவது இயற்கை. இரண்டு தசாப்தங்கள் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்து, போர் முடிந்த பின்னர் திரும்பியோர், தம் கிணறும் பள்ளிவாசலும் இருந்த இடங்களில் மரங்கள் வளர்ந்திருக்கக் கண்டனர். 2012இல் அப்பகுதிகளிற் சில ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. சூழலியலாளர் வழக்குத் தொடுத்தனர். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அங்கு மீண்டும் மரம் நடுமாறு உத்தரவிட்டது.

இதில் யார் பக்கம் நீதி உள்ளது என ஒற்றை வரியில் கூறிவிட முடியாது. காடு காக்கப்பட வேண்டும் என்போர் கூற்றில் உண்மை உண்டு. தன் வீட்டுக்குத் திரும்பியவனைக் காடழிப்பவன் என்பதில் உள்ள கொடுமையும் உண்மையே. துரத்தப்பட்ட மக்களின் நினைவில் மட்டும் கிராமம் இருந்தது. வர்த்தமானி அதனைக் காடு என்றது. சமர்லான்டில் வீட்டுக்காரரோடு பேசி, விலை கொடுத்து, காலமெடுத்துச் செய்யப்பட்ட காரியம், முசலியில் எவரையும் கேளாது ஓர் அறிவித்தலால் செய்யப்பட்டது. அதன் பலனை மரமும் அனுபவிக்கவில்லை, மனிதனும் அனுபவிக்கவில்லை.

2015 யூனில் சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம், நெடுந்தீவு ஆகியன தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகளின் சரணாலயம். அக்கரையில் வலை வீசி வாழ்வோரும், மாடு மேய்த்து வாழ்வோரும் எமது மக்களே. அவர்களின் உரிமையை மதியாது பூங்கா நிலைக்காது; பறவையும் பற்றையும் அழிந்த பின்னர் அவர்களின் வாழ்வும் நிலைக்காது. யானைகளின் நிலை இதனிலும் துயரமானது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 450க்கும் மேற்பட்ட யானைகளும், யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். யானைகளிற் பெரும்பகுதி பூங்காக்களின் எல்லைக்கு வெளியேதான் நடமாடுகின்றது. எல்லைக்கோட்டை யானை வாசிப்பதில்லை.

எம்மால் இயல்வது

நோபல் பார்க் புகையிரத நிலையத்திலிருந்து கிரான்பேண் செல்லும் வண்டியில் ஏறினால், அப்பாதையின் முடிவிலுள்ள ஊரில் அரச தாவரவியற் பூங்காவின் கிளையொன்று உண்டு. நிலையத்திலிருந்து சில கிலோமீற்றர் தொலைவு. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. 360 ஹெக்டேயருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் மற்றோர் அருகிவரும் இனமான தென்பகுதிக் கபிலநிறப் பண்டிக்கூட் சுதந்திரமாக வாழ்கின்றது. இது பகலிலும் வெளிவருவதனால், பற்றையோரத்தில் அமைதியாக இருப்போர் கண்களுக்குத் தென்படக்கூடும். புதிய குடியிருப்புகள் பெருகும் தென்கிழக்கு மெல்பேணில், அதற்கு எஞ்சியுள்ள முக்கிய அரண்களில் இப்பூங்காவும் ஒன்று. அவ்வீடுகளை வாங்குவோருள் எம்மவரும் உளர் என்பதையும் மறத்தலாகாது.

அங்கு செல்வோர் உணவு கொடுக்க முற்படலாகாது. நாயைக் கொண்டு செல்ல அனுமதியும் இல்லை. பூனை வளர்ப்போர் அதனை இரவிலேனும் வீட்டுக்குள் வைத்திருத்தல் வேண்டும். பூனை வேட்டையாடாவிடினும், அதன் எச்சத்தினூடாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் பண்டிக்கூட்டைக் கொல்லும். பல நகரசபைகள் இது குறித்து விதிகளும் வகுத்துள்ளன. பிலிப் தீவில் பென்குவின் பார்த்துத் திரும்புவோர் இரவில் காரை மெதுவாகச் செலுத்த வேண்டும். வீதியைக் கடக்கும் சிற்றுயிர் இன்று அங்கு பண்டிக்கூட்டாகவே இருக்கக்கூடும்.

எமது பிள்ளைகள் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் யானை, சிங்கம், மயில் எனப் பெயர்களைக் கற்கின்றனர். அவை அவர்கள் காணாத விலங்குகள். இந்நிலத்தின் உயிர்களுக்கும் தமிழில் பெயரும் பாடமும் அமைத்துக் கொடுத்தல் ஆசிரியர்களுக்குக் கடினமான காரியமல்ல. பண்டிக்கூட்டின் பெயர் தெலுங்கிலிருந்து வந்த வரலாற்றோடு அப்பாடத்தைத் தொடங்கலாம். குப்பைமேட்டையும், சமர்லான்டையும், முசலியையும் வயதுக்கேற்ப விளக்கலாம். வந்து சேர்ந்த நிலத்தையும் விட்டு வந்த நிலத்தையும் ஒருசேர அறிந்து வளரும் பிள்ளை, இரண்டிலும் எதைக் காக்க வேண்டும் எனத் தானே கேட்கத் தொடங்கும்.